355 கிலோமீட்டரும் ஒரு 57 நிமிஷப் பொய்யும்

ரெண்டு விமான நிலையத்துக்கு நடுவுல எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்றதுக்குன்னே இணையத்துல ஏகப்பட்ட தளங்கள் இருக்கு. ஒரு பெட்டியில சென்னைன்னு போடணும், இன்னொரு பெட்டியில யாழ்ப்பாணம்னு போடணும். பொத்தானை அமுக்கினா அடுத்த நொடி பதில் வரும். தூரம் 355 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 57 நிமிடம். கூடவே நீலக்கடல் மேல வடக்கு தெற்கா ஒரு சிவப்புக் கோடு.

இந்த 57 நிமிஷத்தோடதான் இன்னைக்கு என் சண்டை. என்னடா இவன், போயும் போயும் ஒரு கணக்குப் பொட்டியோட சண்டை போடறானேன்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு. சொல்றேன்.

முதல்ல அந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு பார்த்துடுவோம். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப்பாங்க. பூமி உருண்டைங்கறதால அது மேல போடக்கூடிய மிகக் குறுகிய வளைவுக்கோட்டோட நீளம் என்னன்னு கணக்குப் போடுவாங்க. மீனம்பாக்கத்துக்கும் பலாலிக்கும் அது சுமார் 355 கி.மீ. அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால வகுத்தா 27 நிமிஷம். மேல ஏறவும் கீழ இறங்கவும்னு ஒரு அரை மணி நேரம் சேர்த்துக்கோங்க. 57. முடிஞ்சது சோலி.

இதுல கேட்காம விட்ட கேள்விகளைப் பாருங்க. அந்த ரூட்ல விமானம் ஓடுதா? கேட்காது. ஓடினா வாரத்துல எத்தனை நாள்? கேட்காது. மணிக்கு 800 கி.மீ. போற ஜெட் விமானம் அந்த ஓடுபாதையில இறங்க முடியுமா? அதையும் கேட்காது. 2017-லயும் நான் இதே மாதிரி ஒரு தளத்துல தட்டிப் பார்த்தேன். அப்ப சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவுல ஒரே ஒரு பயணிகள் விமானம்கூட கிடையாது. அப்பவும் கொஞ்சமும் கூசாம 57 நிமிடம்னுதான் சொல்லுச்சு.

தூரத்தைப் பத்தி மட்டும் அது பொய் சொல்லல. தூரம் உண்மைதான். உண்மைங்கறதாலதான் வயிறு எரியுது. மீனம்பாக்கத்துலேர்ந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டுல சுமார் 417 கி.மீ. கோயம்புத்தூர் சுமார் 400. யாழ்ப்பாணம் 355. புரியுதுங்களா? சென்னைக்கு மதுரையை விட யாழ்ப்பாணம் கிட்ட. கோயம்புத்தூரை விடக் கிட்ட. திருச்சிக்காரங்களுக்கு இதை விட ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன். திருச்சியிலேர்ந்து சென்னை 290 கி.மீ. சொச்சம். பலாலி 185 கி.மீ. பக்கம். உங்களுக்குத் தலைநகரத்தை விட யாழ்ப்பாணம்தான் பக்கத்து ஊர்!

நான் இதை எப்ப எங்க சொன்னாலும் எதிர்ல இருக்கறவங்க "சும்மா இருப்பா"ன்னுதான் சொல்வாங்க. மேப்பைத் திறந்து காட்டினாத்தான் நம்புவாங்க. நம்ம மனசுல யாழ்ப்பாணம் அவ்வளவு தூரத்துல இருக்கு. ஏன் இருக்குங்கறதுதான் விஷயம்.

இப்ப காரணத்துக்கு வர்றேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரங்க. ஊர் உரும்பிராய். போர் நிறுத்தம் இருந்த காலத்துல, 2004-ல, சென்னைக்குப் படிக்க வந்தாங்க. 2008-ல கல்யாணம். நாங்க இருக்கறது பல்லாவரம். வீட்டுலேர்ந்து விமான நிலையம் அஞ்சு கிலோமீட்டருக்குள்ள. காலையில குக்கர் சத்தத்தை விட விமானச் சத்தம்தான் அதிகம் கேட்கும். உரும்பிராய்லேர்ந்து பலாலி சுமார் பத்து கிலோமீட்டர், பலாலி ரோட்டைப் பிடிச்சு நேரா வடக்கே போனா வந்துடும். ஆக இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் பத்து, நடுவுல 355. மகள் வீட்டு வாசலுக்கும் தாய் வீட்டு வாசலுக்கும் இவ்வளவுதான் தூரம்.

2017-ல ஒரு நாள் காலை 6:15-க்கு மச்சான் போன் பண்ணினான். "அத்தான், அம்மாவுக்கு நல்லா ஏலாமல் கிடக்கு. ஆஸ்பத்திரியிலை வச்சிருக்கினம். அக்காவைக் கூட்டிக்கொண்டு உடனை வெளிக்கிடுங்கோ." அவன் பதட்டப்படற ஆள் இல்ல. அவன் குரல் அப்படி இருந்ததுமே எனக்கு விளங்கிப்போச்சு.

யாழ்ப்பாணத்துக்கு விமானம் இல்ல. கப்பல் இல்ல. ஒரே வழி கொழும்பு. எனக்கு விசா அனுமதி இணையத்துல போட்டு வாங்கணும், டிக்கெட் போடணும், பொண்ணைப் பக்கத்து வீட்டுல விடணும். எல்லாம் முடிஞ்சு மதியம் கிளம்பற விமானத்துல இடம் கிடைச்சது. ரெண்டு மணி சுமாருக்குக் கட்டுநாயக்காவுல இறங்கினோம். குடிவரவு, சுங்கம்னு எல்லாத்தையும் தாண்டி, வாடகைக்கு ஒரு வேனைப் பேசி ஏறும்போது மணி மூணு.

இப்ப அந்த இணையதளத்துக்குத் திரும்பப் போங்க. சென்னை, கொழும்புன்னு போட்டுப் பாருங்க. சுமார் 645 கி.மீ. சிவப்புக் கோடு போகுது பாருங்க, அது எது மேல போகுது? கிட்டத்தட்ட பலாலி மேலேயே போகுது. கணக்குப் போட்டா பலாலி அந்தக் கோட்டுலேர்ந்து ஒரு ஏழு எட்டு கிலோமீட்டர்தான் விலகி இருக்கு. அதாவது, சாகக் கிடக்கற அம்மாவோட ஊர்ப் பக்கமா பறந்து, அதைத் தாண்டி இன்னும் 290 கி.மீ. தெற்கே போய் இறங்கி, அப்புறம் தரை வழியா 350 கி.மீ.க்கு மேல வடக்கே திரும்பி வரணும். தி.நகர்லேர்ந்து மாம்பலம் போக செங்கல்பட்டு போய்ச் சுத்தி வர்ற கதை.

விமானத்துல என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க. மேகத்துக்கு நடுவுல ஒரு கரை தெரிஞ்சது. அது யாழ்ப்பாணமா மன்னாரான்னு எனக்குத் தெரியல. அவங்க கேட்கவும் இல்ல. கண்ணாடியில நெத்தியை வச்சுக்கிட்டு அதையே பார்த்துட்டு இருந்தாங்க.

புத்தளம் தாண்டும்போது அஞ்சரை. அனுராதபுரம் ஏழு மணி. வவுனியாவுல டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார், எட்டு மணி இருக்கும். அங்க வச்சுத்தான் போன் வந்தது. அம்மா போயிட்டாங்க. அந்த டீக்கடை வாசல்ல நின்ன நிலையை எழுத எனக்கு வராது, விட்டுடறேன்.

கிளிநொச்சி, ஆனையிறவு எல்லாம் இருட்டுல கடந்து போச்சு. உரும்பிராய் போய்ச் சேர்ந்தப்ப ராத்திரி 11:20. காலை 6:15-க்குப் போன் வந்தது. பதினேழு மணி நேரம் அஞ்சு நிமிஷம். அதுக்கு முன்னாடியே மச்சான் ஒண்ணு சொல்லிட்டான், சொல்லாம இருந்திருக்கலாம். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மாமிக்கு நினைவு இருந்துச்சாம். "வந்திட்டாளோ, வந்திட்டாளோ"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.

மதியம் ஒரு மணிக்குள்ள நாங்க அந்தக் கட்டில் பக்கத்துல நின்னிருக்க முடியும். பத்தரை மணிக்கு ஒரு சின்ன விமானம் சென்னையிலேர்ந்து கிளம்பியிருந்தா. அவ்வளவுதான் தேவைப்பட்டது. நாலு மணி நேரப் பேச்சு கிடைச்சிருக்கும்.

சரி, உன் சோகத்துக்கு நாடு என்னப்பா பண்ணும்னு கேட்பீங்க. கேட்கணும். கேட்டாத்தான் சண்டை சுவாரஸ்யம். இந்த எட்டு வருஷமா நான் கேட்ட சமாதானங்களை ஒவ்வொண்ணா எடுத்து வைக்கறேன்.

1) "அந்த ரூட் புதுசுங்க. அதுக்கெல்லாம் நாளாகும்."

புதுசா? ஏர் சிலோன்னு இலங்கைக்கு ஒரு விமான நிறுவனம் இருந்தது. அதோட முதல் பயணிகள் விமானம் பறந்தது 1947 டிசம்பர் 10. எங்கேர்ந்து எங்க? கொழும்பு ரத்மலானையிலேர்ந்து சென்னைக்கு. எது வழியா? யாழ்ப்பாணம் வழியா! காங்கேசன்துறைன்னு அப்ப சொல்லுவாங்க, ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படை போட்ட அதே பலாலித் தளம்தான். அந்த நாடு சுதந்திரம் வாங்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அது தன் முதல் விமானத்தை விட்ட பாதை இது. டக்கோட்டா விமானம். இன்னைக்கு ஓடற ஏ.டி.ஆரை விட மெதுவா போறது. மாமாவோட பெரியப்பா ஒருத்தர் அதுல மெட்ராஸ் போய் வந்த கதையை மாமா இன்னைக்கும் சொல்லுவார். அந்தப் பெரியப்பாவுக்கு 1950-கள்ல கிடைச்சது, 2017-ல என் மனைவிக்குக் கிடைக்கல. இதுக்குப் பேரு வளர்ச்சியா?

2) "சண்டை நடந்த இடம்ங்க. பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

போர் நடந்த காலத்துக்கு நான் இதைப் பேசவே இல்ல. அப்ப உயிரே நிச்சயம் இல்ல, விமானத்துக்கு எங்க போறது. ஆனா போர் முடிஞ்சது 2009 மே மாசம். பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாத் திறக்கப்பட்டது 2019 அக்டோபர் 17. அதிபர் சிறிசேனாவும் பிரதமர் ரணிலும் வந்து திறந்து வச்சாங்க. நடுவுல பத்து வருஷம் அஞ்சு மாசம். கொழும்புல இறங்கறவனும் அதே பாஸ்போர்ட்டைத்தான் காட்டறான், அதே சூட்கேஸைத்தான் சோதனைக்குக் கொடுக்கறான். கொழும்புல பாதுகாப்பா இருக்கற சூட்கேஸ் பலாலியில மட்டும் எப்படி ஆபத்தாகுது? அந்தப் பத்து வருஷத்துல எத்தனை வீட்டுல எத்தனை பேர் "வந்திட்டாளோ"ன்னு கேட்டிருப்பாங்கன்னு எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது.

3) "கூட்டம் இல்லீங்க. நட்டத்துக்கு யார் ஓட்டுவாங்க?"

இதுதான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமான வாதம். கேட்க நியாயமா இருக்கும். ஆனா என்ன நடந்ததுன்னு பாருங்க. 2019 நவம்பர் 11-ல அலையன்ஸ் ஏர் சென்னையிலேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு ஓட்ட ஆரம்பிச்சாங்க. வாரம் மூணு நாள். நாலு மாசம் ஓடுச்சு. 2020 மார்ச்ல கொரோனா, நின்னு போச்சு. அதுல தப்பு சொல்ல மாட்டேன், உலகமே நின்னது. ஆனா இந்தியா வழக்கமான வெளிநாட்டு விமானங்களைத் திரும்ப விட்டது 2022 மார்ச் 27-ல. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ஓடினது அந்த வருஷம் டிசம்பர் 12-ல. அந்த வருஷம் இலங்கையில பொருளாதாரமே கவிழ்ந்து கிடந்தது, பெட்ரோலுக்கு ஜனங்க நாள்கணக்குல வரிசையில நின்னாங்க. அதையும் கணக்குல எடுத்துக்கறேன். ஆனாலும் அதே வருஷம் சென்னையிலேர்ந்து கொழும்புக்கு விமானம் போய்க்கிட்டுத்தான் இருந்தது.

ஒரு பஸ் வாரத்துல மூணு நாள் வரும், நாலு மாசம் கழிச்சு நின்னுடும், மூணு வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்னா அந்த பஸ் ஸ்டாண்டுல யார் காத்திருப்பாங்க? ஆள் இல்லாததால வண்டி ஓடலையா, வண்டி ஒழுங்கா ஓடாததால ஆள் இல்லையா? யோசிங்க. 2024 செப்டம்பர்ல இண்டிகோவும் சென்னையிலேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு ஆரம்பிச்சாங்க, 2025 மார்ச் கடைசியில திருச்சியிலேர்ந்தும் ஆரம்பிச்சாங்க. லாபக் கணக்குப் பார்க்கற தனியார் கம்பெனி. கூட்டமே இல்லாத ரூட்டுக்கா வருவாங்க?

இன்னொண்ணும் இருக்கு. நட்டம்னா விமானம் விடக்கூடாதுங்கறது ஏதோ இயற்கை விதி மாதிரி பேசறாங்க. இந்தியாவுலயே உடான்னு ஒரு திட்டம் இருக்கு. சின்ன ஊர்களுக்கு விமானம் விட்டா, விழற துண்டுல ஒரு பகுதியை அரசாங்கமே ஈடு கட்டும். 2017-ல சிம்லாவுக்கும் டெல்லிக்கும் நடுவுல முதல் விமானம் விட்டு ஆரம்பிச்சாங்க. மலை மேல இருக்கற ஊருக்குக் கொடுக்கறது சரின்னா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நம்ம சொந்தக்கார ஊருக்கும் ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு பண்ண முடியும். மனசு இருந்தா.

4) "ஓடுபாதை சின்னதுங்க. பெருசாக்கினாத்தான் பெரிய விமானம் வரும்."

இங்கதான் கொஞ்சம் நிதானமாப் பேசணும். ஏன்னா இது எங்க சொந்தக்காரங்க வீட்டு விஷயம். பலாலியைச் சுத்தி இருக்கற வலிகாமம் வடக்கு ஜனங்க 1990-ல வீட்டை விட்டு விரட்டப்பட்டவங்க. உயர் பாதுகாப்பு வலயம்னு பேர் வச்சு வேலி போட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, இன்னும் முழுசாக் கொடுத்து முடிக்கல. என் மனைவியோட சித்தி குடும்பம் அப்படிக் காத்திருந்த குடும்பம்தான். சித்தி ஒரு தடவை என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, உங்கட பிளேன் இறங்க எங்கட வளவுதான் கிடைச்சதோ?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

அதனால சொல்றேன். பெரிய ஓடுபாதை வேணும்னு நான் கேட்கல. எழுபது பேர் சொச்சம் உட்கார்ற ஏ.டி.ஆர் இறங்க இப்ப இருக்கற பாதை போதும், இறங்கிக்கிட்டுத்தானே இருந்தது. அது மணிக்கு 500 கி.மீ. வேகத்துலதான் போகும். ஏறி இறங்கறதுக்குள்ள ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. 57 நிமிஷம் யாருக்கு வேணும்? பதினேழு மணி நேரத்துக்குப் பதிலா ஒண்ணரை மணி நேரம் போதும். வளர்ச்சின்னு சொல்லி இன்னொருத்தர் வளவைப் புடுங்கறவங்க எங்க பேரைச் சொல்லிப் புடுங்க வேண்டாம்.

இப்ப நம்ம பக்கம் திரும்பறேன். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம். திட்டறவங்க திட்டிக்கோங்க.

2009-க்கு அப்புறம் தமிழ்நாட்டுல ஈழத்தைப் பத்திப் பேசாத மேடை உண்டா? தொப்புள்கொடி உறவுன்னு சொல்லாத தலைவர் உண்டா? கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டாத தெரு உண்டா? நானும் கூட்டங்களுக்குப் போயிருக்கேன், கை தட்டியிருக்கேன். அத்தனை கூட்டத்துல ஒரு மேடையிலாவது "சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தினமும் ஒரு விமானம் விடு"ன்னு ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக் கத்தி என் காதுல விழல. தொப்புள்கொடின்னு ஆயிரம் தடவை சொன்னோம். அந்தக் கொடி நீளம் 355 கிலோமீட்டர்னு ஒருத்தரும் அளந்து பார்க்கல. கால அட்டவணை கேட்கறது வீரமா இல்ல போல. சுவரொட்டியில போட்டா நல்லாவும் இருக்காது. ஆனா எனக்கு இப்ப ஒண்ணு நிச்சயமாத் தெரியும். ரெண்டு கரையில இருக்கற ஜனங்களைச் சேர்த்து வைக்கறது மேடைப் பேச்சு இல்ல. காலை பத்தரைக்குத் தவறாம கிளம்பற ஒரு விமானம்.

தொடக்க விழாவுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் குறைச்சலே இல்ல. 2023 அக்டோபர் 14-ல நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவுல கப்பல் விட்டாங்க. சுமார் 110 கி.மீ., நாலு மணி நேரம். பத்திரிகையில எல்லாம் வரலாற்றுச் சாதனைன்னு வந்தது. சில நாள்லயே நின்னு போச்சு. மறுபடி ஓடினது 2024 ஆகஸ்ட் 16-ல. பச்சைக்கொடி அசைக்கறதுக்கு எல்லாரும் வர்றாங்க. சத்தமில்லாம நிறுத்தும்போது ஏன்னு கேட்க ஒருத்தரும் வர்றதில்ல.

அதனால எனக்குத் தோணறதைச் சொல்லிடறேன். ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கற தூரத்தைக் கடலும் காத்தும் தீர்மானிக்கறதில்ல. கூட்டிக் கழிச்சு வகுத்துப் போடற கணக்கும் தீர்மானிக்கறதில்ல. யாரை யார் பார்க்க விடணும்னு யாரோ எங்கயோ எடுக்கற முடிவு, அல்லது எடுக்காம விடற முடிவு, அதுதான் தூரம். அந்தப் பத்து வருஷமும் மீனம்பாக்கத்துக்கும் பலாலிக்கும் நடுவுல 355 கி.மீ.தான் இருந்தது. ஒரு அங்குலம் கூடல. ஆனா எங்க வீட்டுக்கு அது பதினேழு மணி நேரம். அந்தத் தளத்துல "57 நிமிடம்"னு போடறாங்களே, அதுக்குக் கீழ சின்ன எழுத்துலயாவது "விமானம் இருந்தால், விட்டால், அன்றைக்கு ஓடினால்"னு போடணும்னு எழுதிக் கேட்கலாம்னு நினைச்சேன். அப்புறம் தோணுச்சு, எழுத வேண்டிய இடம் அது இல்ல.

கேட்க வேண்டியது மூணே விஷயம்தான். தினமும் ஒரு விமானம், வருஷம் முழுக்க. நிறுத்தறதா இருந்தா, ஏன் நிறுத்தறோம், எப்பத் திரும்ப விடுவோம்னு ரெண்டு அரசாங்கமும் முன்கூட்டியே சொல்லணும். விமானம் இறங்கறதைக் காரணம் காட்டி இன்னொரு வளவு வேலிக்குள்ள போகக்கூடாது. பேராசை எதுவும் இல்லையே?

கடைசியா ஒண்ணு. 2023 தை மாசம் நாங்க முதல் தடவையா நேரா பலாலியில இறங்கினோம். சின்ன விமானம், விசிறி சுத்தற சத்தம் காதை அடைச்சது. ஒரு பத்திரிகையைப் புரட்டி முடிக்கல, கீழ பனைமரம் தெரிஞ்சது, செம்மண் தெரிஞ்சது. இறங்கி வெளிய வந்து, ஆட்டோ பிடிச்சு, பலாலி ரோட்டுல தெற்கே வந்தா உரும்பிராய். காலையில பல்லாவரத்துல இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்பினோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா வீட்டு வாசல்ல நிக்கறோம். படலையைத் திறந்துட்டு என் மனைவி உள்ள போகாம அப்படியே நின்னாங்க. "இவ்வளவுதானோ?"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. உள்ள மாமியோட படத்துக்கு முன்னாடி விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது.

மாமாவுக்கு இப்ப 81 வயசு. சென்னைக்கு வந்து எங்களோட இருங்கன்னா கேட்கமாட்டேங்கறார். "நான் இந்த வளவை விட்டிட்டு எங்கை வாறது" அப்படின்னுட்டார். மச்சானும் இப்ப வேலைக்காகக் கொழும்புல இருக்கான். அதனால என் மனைவி தினமும் காலையில போன் பண்ணிப் பேசிட்டு, அப்புறம் ஒரு காரியம் பண்ணுவாங்க. அன்னைக்கு யாழ்ப்பாணம் விமானம் ஓடுதா, டிக்கெட் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துப்பாங்க. போகறதுக்கு இல்ல. சும்மா பார்க்கறதுக்கு.

ஒருநாளும் "இல்லை"ன்னு வந்துடக்கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

டிஸ்கி: தூரமெல்லாம் நேர்கோட்டுக் கணக்கு, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஸ்கேலை எடுத்துட்டு வந்துடாதீங்க :-) மதுரைக்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்க ஊர் தூரம்னு சொல்லல. அந்த ஊர் பக்கம்னுதான் சொன்னேன்.